ஆட்டக்ஸ் பள்ளிக்கூடத்துப் பையன்

'ஹூசியர்ஸ்' என்று 1986ல் ஒரு ஆங்கிலப் படம் வந்தது. கூடைப்பந்து ஆடும் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள், நல்ல படம்தான். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடம் பெரிய நகரத்துப் பள்ளிகளையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்து மாநிலக் கோப்பையை ஜெயிக்கிற கதை. 1954ல் மைலன் என்ற ஊர்ப் பள்ளி நிஜமாகவே அப்படி ஜெயித்தது. அந்தப் பள்ளியில் மொத்தமே 161 பிள்ளைகள்.

படத்தின் கடைசி ஆட்டத்தில் எதிரணிப் பயிற்சியாளராக ஒரு கறுப்பின மனிதர் வருவார். அதிகம் வசனம் கிடையாது. அவர் பெயர் ரே க்ரோ. நடிகர் இல்லை. 1954ல் நிஜ மைலன் அணியிடம், இறுதிச் சுற்றுக்கு முந்தைய கட்டத்தில், 65-52 என்று நிஜமாகவே தோற்ற அணியின் நிஜப் பயிற்சியாளர். அவருக்குப் பக்கத்தில் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்திருப்பவர் பெய்லி ராபர்ட்சன். படம் எடுத்தவர்கள் இந்த இருவரையும் தேடிப் பிடித்து, தோற்கிற வேஷம் கொடுத்தார்கள். நிஜத்தில் அடுத்த இரண்டு வருஷமும் மாநிலக் கோப்பை க்ரோவின் அணிக்குத்தான் போனது. அந்தக் கதையை ஹாலிவுட் அப்போது எடுக்கவில்லை.

மைலனிடம் தோற்ற அந்த அணியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆடினான். பெய்லியின் தம்பி, பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன். பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் அவர் செய்த சாதனைகளை விளையாட்டுப் பிரியர்கள் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட, அவர் பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்குப் போன ஐந்தாறு வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது. ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

ஏனென்றால் ராபர்ட்சன் குடும்பமும் பிழைப்பு தேடி வந்த குடும்பம்தான். ஆஸ்கர் பிறந்தது 1938 நவம்பர் 24ல், தெற்கே டென்னசி மாநிலத்தில் ஷார்லட் என்ற சிற்றூர்ப் பக்கம். கொள்ளுத்தாத்தா மார்ஷல் காலியர் அடிமையாகப் பிறந்தவர். பையனுக்கு நாலு வயது வாக்கில் அப்பா அம்மா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வடக்கு நகரங்களுக்கு இப்படி நகர்ந்தார்கள். வடக்கே போனால் கூலி அதிகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் டென்னசிப் பண்ணைக்குத் திரும்பிப் போய் தாத்தா வீட்டில் இருந்துவிட்டு வருவார்கள். மே மாதம் ரயில் டிக்கெட்டுக்கு அலைகிற நமக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

வந்த இடத்தில் கிடைத்த மரியாதை எப்படி இருந்தது என்று பார்க்க, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1920களில் இண்டியானாவில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொடிகட்டிப் பறந்தது. தெற்கு மாநிலங்களில் அல்ல, வடக்கில் இருக்கும் இண்டியானாவில்! ஆளுநரிலிருந்து உள்ளூர் ஆட்கள் வரை அதன் செல்வாக்கு இருந்தது. அதுவரை இண்டியானாபொலிஸின் உயர்நிலைப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்துதான் படித்தார்கள். அதைப் பிரிக்க வேண்டும் என்று 1922ல் முடிவு செய்து, கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று 1927ல் ஒரு பள்ளியைத் திறந்தார்கள். முதலில் அதற்கு வைக்க நினைத்த பெயர் தாமஸ் ஜெஃபர்சன். அடிமைகளை வைத்திருந்த ஜனாதிபதி! நல்லவேளை, கறுப்பின மக்கள் மனு மேல் மனு போட்டு அதை மாற்றவைத்தார்கள். 1770ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் முதலில் விழுந்தவராகச் சொல்லப்படும் கறுப்பினத்தவர் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ். அவர் பெயர் பள்ளிக்கு வந்தது.

ஒதுக்கிவைக்கக் கட்டிய பள்ளி என்னவாக ஆனது என்பதில்தான் சுவாரசியம். அந்தக் காலத்தில் எம்.ஏ., டாக்டர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவருக்கு வெள்ளையர் கல்லூரிகளில் வேலை கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் ஆட்டக்ஸ் பள்ளிக்கு வாத்தியார்களாக வந்தார்கள். கல்லூரியில் பாடம் எடுத்திருக்க வேண்டியவர்கள் பத்தாம் வகுப்புக்கு எடுத்தார்கள். நகரத்தில் வேறு எந்த உயர்நிலைப் பள்ளியிலும் இத்தனை படித்த ஆசிரியர்கள் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

விளையாட்டில் மட்டும் கதவு பூட்டியே இருந்தது. இண்டியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் கறுப்பினப் பள்ளிகளையும் கத்தோலிக்கப் பள்ளிகளையும் 1942 வரை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. அதனால் ஆட்டக்ஸ் பையன்கள் பஸ் பிடித்து வேறு மாநிலங்களுக்குப் போய், தங்களைப் போன்ற பள்ளிகளோடு ஆடிவிட்டு வந்தார்கள். பள்ளியில் இருந்த உள்ளரங்கமோ சின்னது. பெரிய ஆட்டம் எதையும் அங்கே வைக்க முடியாது. பிற்பாடு சேர்த்துக்கொண்ட பிறகும் ஊருக்குப் பொதுவான பட்லர் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கத்தில்தான் ஆடினார்கள். சொந்த மைதானமே இல்லாத அணி என்று சொன்னால் மிகையில்லை.

ஆஸ்கர் வளர்ந்தது லாக்ஃபீல்ட் கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பை ஒட்டிய ஏழைத் தெருவில். பந்து வாங்கக் காசில்லை. டென்னிஸ் பந்தையும் கந்தல் துணியையும் ரப்பர் பேண்டால் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பீச் பழக்கூடையைக் கட்டி அதில் எறிந்து பழகினான். (1891ல் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தபோது மாட்டியதும் பீச் பழக்கூடைதான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனம் வழியாக பஸ்ஸில் போனவர்களுக்கு இடம் தெரியும். அவர் பெயரிலும் ஒரு க்ரோ இருப்பது தற்செயல்தான், ரே க்ரோவுக்கு உறவெல்லாம் இல்லை.)

லாக்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு திறந்தவெளி ஆடுகளம் இருந்தது. கால் வைத்தால் புழுதி பறக்கும் என்பதால் 'டஸ்ட் பவுல்' என்று பெயர், அதாவது புழுதிக் கிண்ணம். அங்கே பெரிய பையன்கள் ஆடுவார்கள். ஜெயித்தவர்கள் களத்தில் நீடிக்கலாம், தோற்றவர்கள் இறங்கிப்போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். சின்னப் பையனுக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஒருதரம் உள்ளே போனால் வெளியே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் அங்கேதான் கற்றான்.

ரே க்ரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்துப் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். கணக்கு வாத்தியார். 1950ல் ஆட்டக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருக்கு முன்பு இருந்தவர் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர். எதிரணிப் பையன் மேல் உரசக்கூடாது, நடுவரைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது, வெள்ளையர் கூட்டத்துக்குக் கோபம் வருகிற மாதிரி எதுவும் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு. க்ரோவும் ஒழுக்கத்தில் கறார்தான், ஆனால் பையன்களை ஓடவிட்டார், முட்டி மோதி ஆடவிட்டார். நடுவர்கள் ஒருபக்கம் சாய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். முதல் பத்துப் புள்ளி நடுவர்களுக்கு, அதற்கப்புறம் எடுப்பதுதான் நமக்கு என்பது அவர் பையன்களுக்குச் சொன்ன கணக்கு. கணக்கு வாத்தியார் அல்லவா. அநியாயத்தைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு நிற்காமல், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆடுவது. இது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை.

இண்டியானாவில் பள்ளிக் கூடைப்பந்து என்பது நம்மூர் திருவிழா மாதிரி. அந்த நாளில் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவெல்லாம் கிடையாது. 700க்கு மேற்பட்ட பள்ளிகள் ஒரே போட்டியில் இறங்கும், கடைசியில் ஒரே ஒரு கோப்பை. 1955ல் ஆட்டக்ஸ் அந்த வருஷம் முழுவதும் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. இறுதிச் சுற்றுக்குப் போகும் வழியில் மன்சி சென்ட்ரல் பள்ளியோடு ஒரு ஆட்டம். 71-70. ஒரே ஒரு புள்ளி முன்னிலை, கடைசி விநாடிகள், பந்து மன்சி கையில். அவர்கள் போட்ட பாஸை ஆஸ்கர் குறுக்கே பாய்ந்து பறித்தான். முடிந்தது. இறுதி ஆட்டம் கேரி ரூஸ்வெல்ட் என்ற இன்னொரு கறுப்பினப் பள்ளியோடு. 97-74. ஆஸ்கர் 30 புள்ளி.

அமெரிக்காவிலேயே எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் மாநிலப் போட்டி ஒன்றை ஒரு கறுப்பினப் பள்ளி ஜெயித்தது அதுதான் முதல் முறை. அதுமட்டுமில்லை, இண்டியானாபொலிஸ் நகரத்துக்கே அதுதான் முதல் கோப்பை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நகரத்துப் பள்ளிகள் முட்டி மோதியும் கிடைக்காதது. ஊரே கொண்டாடியிருக்க வேண்டும் இல்லையா?

ஆட்டத்துக்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் ரஸ்ஸல் லேனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பாராட்ட அல்ல. உங்கள் ஆட்கள் ஜெயித்தால் கலவரம் ஆகாமல் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்க. ஜெயித்த அணியைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகரத்தின் நடுவே நினைவுத்தூண் இருக்கும் வட்டத்துக்குக் கூட்டிப்போய் அங்கே நின்று கொண்டாடுவது வழக்கம். முந்தின வருஷம் மைலன் பையன்களுக்கு அப்படித்தான் நடந்தது, அவர்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தும். ஆட்டக்ஸ் பையன்களின் வண்டி வட்டத்தை ஒரு சுற்று சுற்றியது. நிற்கவில்லை. நேராகக் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் இருந்த நார்த்வெஸ்டர்ன் பார்க்குக்கு ஓட்டிப்போனார்கள். அங்கே நெருப்பு மூட்டி ஜனங்கள் ஆடிப் பாடினார்கள். பதினாறு வயது ஆஸ்கர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கூட்டத்தை விட்டு விலகி அப்பா வீட்டுக்குப் போய்விட்டான். அவர்களுக்கு நாம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதைப் படித்தபோது அந்த வண்டி ஓட்டுநர்தான் ஞாபகத்தில் தங்கிவிட்டார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மேலிருந்து சொன்னதை அவர் செய்தார், அவ்வளவுதான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனார்.

அடுத்த வருஷம், 1956ல், ஆட்டக்ஸ் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 31-0. இண்டியானாவில் தோல்வியே இல்லாமல் மாநிலக் கோப்பை வாங்கிய முதல் பள்ளி. முந்தின வருஷத்தோடு சேர்த்து தொடர்ச்சியாக 45 வெற்றி. இறுதி ஆட்டத்தில் லஃபாயெட் ஜெஃபர்சன் பள்ளியை 79-57 என்று வென்றார்கள். (ஜெஃபர்சன் பெயர் விடாமல் துரத்துகிறது பாருங்கள்.) ஆஸ்கர் மட்டும் 39 புள்ளி. மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டமும் அவருக்கே. கொண்டாட்ட ஊர்வலம் அந்த வருஷமும் அதே பார்க்கில்தான் முடிந்தது.

இப்போது கல்லூரி. இண்டியானாவில் பிறந்து வளர்ந்த ஆட்டக்காரன் என்றால் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு ஆடுவதுதான் கனவு. ஆஸ்கருக்கும் அதே ஆசைதான். ஆட்டக்ஸ் பள்ளியின் ஹாலி பிரையன்ட் ஏற்கெனவே அங்கே போயிருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பிராஞ்ச் மெக்ராக்கன், இரண்டு தேசியக் கோப்பை வாங்கிய பெரிய மனிதர். ஆஸ்கர் அவரைப் பார்க்கப் போனார். வெளியே ரொம்ப நேரம் காக்கவைத்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் மெக்ராக்கன் முதலில் பேசியது, காசு எதிர்பார்த்துப் படிக்க வருகிற பையன் இல்லையே நீ என்கிற தொனியில். ஆஸ்கர் எழுந்து வந்துவிட்டார், அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கம் அப்புறம் போகவே இல்லை. இதை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பயிற்சியாளர் தரப்பில் அது சாதாரணக் கேள்வியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் தீயணைப்பு வண்டி நிற்காமல் போன ஊர்க்காரப் பையன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

அவர் தேர்ந்தெடுத்தது பக்கத்து மாநிலமான ஒஹையோவில் உள்ள சின்சினாட்டி பல்கலைக்கழகம். வீட்டிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர்தான், அம்மா வந்து ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இன்னொரு காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே வேலையும் படிப்பும் மாறி மாறி வரும் ஒரு திட்டம் இருந்தது. ஏழு வாரம் வகுப்பு, அடுத்த ஏழு வாரம் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை. வணிகவியல் மாணவரான ராபர்ட்சன் உள்ளூர் எரிவாயு-மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரனாக வரப்போகிறவன் என்று ஊரெல்லாம் பேசுகிற பையன், ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்! எங்கள் புனே அடுக்குமாடியில் பத்தாம் வகுப்பு வந்ததுமே பந்து பரண் மேல் ஏறிவிடும். கோச்சிங் கிளாஸ், அப்புறம் நுழைவுத் தேர்வு. என் மூத்தவனுக்கு இந்த வருஷம் அந்தக் கட்டம். தங்கமணி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, இன்னும் தீர்ப்பாகவில்லை. படிப்பா விளையாட்டா என்று நம் வீடுகளில் கேட்கிற கேள்வியை அந்தக் காலத்துச் சின்சினாட்டிக்காரர்கள் கேட்கவே இல்லை என்பதைச் சொல்லவந்தேன், அவ்வளவுதான்.

அப்போதைய விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. (இந்த விதி 1972 வரை இருந்தது.) ஆகவே 1957ன் கடைசியில்தான் நாடு அவரைப் பார்க்க ஆரம்பித்தது. 1958 ஜனவரி 9ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சீட்டன் ஹால் கல்லூரியோடு ஆட்டம். சின்சினாட்டி 118, சீட்டன் ஹால் 54. ராபர்ட்சன் ஒருவர் மட்டும் 56. அதாவது எதிரணி முழுவதும் சேர்ந்து எடுத்ததைவிட இரண்டு அதிகம். மறுநாள் காலை நியூயார்க் பத்திரிகைகளில் அவர் பேர்தான். அந்த வருஷம் ஆட்டத்துக்குச் சராசரி 35.1 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அதே பருவத்தில்தான் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் ஆட்டம். அணி ஒரு பெரிய ஹோட்டலில் இறங்கியது. சாவி வாங்கி அறைக்குப் போன பிறகு, கறுப்பினத்தவர் இங்கே தங்க முடியாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் ஜார்ஜ் ஸ்மித் மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு வெளியேறியிருக்கலாம். செய்யவில்லை. மற்றவர்கள் ஹோட்டலில் படுத்தார்கள், நாட்டின் முதல் நிலை ஆட்டக்காரர் தனியாகக் கிளம்பி டெக்சஸ் சதர்ன் என்ற கறுப்பினக் கல்லூரியின் விடுதியில் ஒரு கட்டிலில் படுத்தார். மறுநாள் ஆடவும் செய்தார். பிறகு பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார், இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆடமாட்டேன், வீட்டுக்குப் போய்விடுவேன் என்று.

புது ஊரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த மாதிரிச் சங்கதியில் ஒரு வாசனை பிடிபடும். ஃபோனில் எல்லாம் சரி என்பார்கள். நேரில் போய் அட்வான்ஸ் பேசும்போது பேர் என்ன, என்ன சாப்பிடுவீர்கள், ஊரில் எந்தத் தெரு என்று ஆரம்பிப்பார்கள். ஹூஸ்டனில் நடந்ததும் நமக்கு நடப்பதும் ஒன்று என்று சொல்லமாட்டேன், ஒன்று அல்ல. நம்மில் பலரும் ஊரில் இதே கேள்வியைக் கேட்கிற வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறோம் என்பதும் இருக்கிறது.

ராபர்ட்சன் ஆடிய மூன்று வருஷத்தில் சின்சினாட்டி 79 ஆட்டம் ஜெயித்தது, 9 தோற்றது. மூன்று வருஷமும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். மொத்தம் 2,973 புள்ளி, அப்போதைய கல்லூரி சாதனை. 1970ல்தான் பீட் மராவிச் அதை முறியடித்தார். ஆனாலும் கல்லூரிக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 1959லும் 1960லும் அரையிறுதியில் ஒரே கலிஃபோர்னியா அணியிடம் தோற்றார்கள். ராபர்ட்சனை ஒருவர் மாற்றி ஒருவர் மறித்து, அவரை இருபது புள்ளிக்குக் கீழே நிறுத்திவிட்டார்கள். அவர் படித்து முடித்து வெளியே போன பிறகு, 1961லும் 1962லும் சின்சினாட்டி அடுத்தடுத்துக் கோப்பை வாங்கியது! இதைச் சொல்லி அவரை மட்டம் தட்டியவர்கள் உண்டு. தனி ஆள் புள்ளி எடுப்பார், அணி ஜெயிக்காது என்று. 79-9 என்ற கணக்கைப் பார்த்துவிட்டு எப்படி அப்படிச் சொல்ல முடிகிறதோ தெரியவில்லை. ஆட்டக்ஸில் இரண்டு கோப்பை வாங்கியதும் அதே ஆள்தானே.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஜெர்ரி வெஸ்டும் அவரும் அமெரிக்க அணியின் இணைத் தலைவர்கள், தங்கப் பதக்கம். பிறகு தொழில்முறை ஆட்டம். 1970ல் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக, ஆட்டக்காரர்களை ஒரே அணியோடு கட்டிப்போடும் முறையை எதிர்த்து அவர் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள், 1976ல் சமரசம் ஆனது. இன்றைய ஆட்டக்காரர்கள் அணி மாறிக் கோடிகளில் சம்பாதிப்பதற்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஹூஸ்டனில் பயிற்சியாளரிடம் பேசிய அந்தப் பையனைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

ஆட்டக்ஸ் பள்ளிக்கு என்ன ஆனது? அவர்கள் ஜெயிப்பதைப் பார்த்த மற்றப் பள்ளிகள் கறுப்பினப் பையன்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தன. 1959ல் இன்னொரு கோப்பை, அதோடு அந்தக் காலம் முடிந்தது. 1986ல், 'ஹூசியர்ஸ்' வந்த அதே வருஷம், ஆட்டக்ஸ் நடுநிலைப் பள்ளியாகக் குறுக்கப்பட்டது. 2006ல்தான் மறுபடி உயர்நிலைப் பள்ளி ஆனது. ரே க்ரோ 2003லேயே காலமாகிவிட்டார், அதைப் பார்க்க இருக்கவில்லை.

2017 மார்ச்சில் ஆட்டக்ஸ் பையன்கள் மறுபடி மாநில இறுதிக்கு வந்தார்கள். இப்போது பள்ளிகளை அளவுப்படி பிரித்து நாலு கோப்பை கொடுக்கிறார்கள், அதில் மூன்றாம் பிரிவு. ட்வின் லேக்ஸ் பள்ளியோடு ஆட்டம், 73-71. கடைசிவரை இழுபறி. பதக்கம் போட்டுவிட 78 வயது ஆஸ்கர் ராபர்ட்சன் வந்திருந்தார். ஒவ்வொரு பையனாக முன்னால் வந்து குனிய, அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். ஆட்டம் நடந்த அரங்கத்திலிருந்து அந்த நினைவுத்தூண் வட்டம் நடந்துபோகிற தூரம்தான்.